ஏழு முறை ஊதிய கொம்பு

பத்தொன்பது ரியால். லிபோரியோ மூன்று வருடமாக இடுப்புப் பையில் சுமந்து திரிகிற பாக்கி அது.

கொடுக்கவேண்டியது நிகாசியோவுக்கு. நிகாசியோ ஆற்றோடு போய்விட்டான்.

அவன் அம்மா தோமாசாவிடம் கொடுத்துவிடலாம் என்றால் அவள் கை நீட்டுவதில்லை. கோச்சு வண்டிக்குக் குதிரை மாற்றுகிற சாவடியை நடத்துகிறவள் அவள்தான். ஒவ்வொரு நடையிலும் வண்டிக்காரன் லிபோரியோ காசை எடுத்து நீட்டுவான். ஒவ்வொரு நடையிலும் ஒரே பதில்.

"அவன் சம்பளத்த அவனே வந்து வாங்கிக்குவான். நீ வச்சிரு."

உடல் கிடைக்காத பிள்ளை. அதனால் அப்படிப் பேசுகிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இன்றைக்குக் கடைசி நடை. தண்டவாளம் போட்டு முடித்தாயிற்று. திங்கட்கிழமை முதல் பம்பா சமவெளியில் ரயில் ஓடும். இந்தப் பக்கம் வர லிபோரியோவுக்கு இனி வேலை இல்லை. இன்றும் அவள் வாங்காவிட்டால் அந்தக் காசு அவன் சாகிறவரை இடுப்பில்தான்.

வண்டி ஆற்றில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வது அவன் வழக்கம். இன்று மூடவில்லை. மழை பொய்த்து இரண்டு மாதம். ஒரு கை அள்ளக்கூடத் தண்ணீர் இல்லை. மணலில் சக்கரம் கரகரத்துக்கொண்டு போனது.

நிகாசியோ போன அன்றைக்கு இதே இடத்தில் குதிரையின் கழுத்துவரை வெள்ளம்.

முன்குதிரைக்காரன்தான் முதலில் இறங்கவேண்டும். அவன் சேணத்திலிருந்து வண்டிக்கு ஒரு தோல் வடம் கட்டியிருக்கும். அவன் குதிரை நீந்தி ஏறினால் வண்டியும் கரையேறும். அன்று முன்குதிரைக்காரன் நிகாசியோ. அவன் குதிரை கால் தவறியது. வெள்ளம் குதிரையை இழுக்க, குதிரை வண்டியை இழுக்க, வண்டி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. அப்புறம் சட்டென்று நிமிர்ந்து நின்றது.

உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கரையில் ஒரு பெண் லிபோரியோவின் வலது கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

தோமாசாவிடம் அவன்தான் போய்ச் சொன்னான். "வடம் பழசும்மா. தாங்கல."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேட்டில் ஏறியதும் கொம்பை எடுத்தான். சாப்பிட வருகிற வாய் எத்தனையோ அத்தனை முறை ஊதவேண்டும். அதைக் கேட்டுத்தான் சாவடியில் பானைக்கு இறைச்சி அறுப்பார்கள், மேசையில் தட்டு வைப்பார்கள். பயணிகள் நான்கு பேர். குதிரைக்காரர்கள் இரண்டு பேர். அவன் ஒருவன். ஏழு.

"நல்லா ஊதிக்கங்கண்ணே," என்றான் குதிரைக்காரன் அன்செல்மோ. "திங்கக்கெழமையிலேருந்து ரயிலே ஊதிக்கும். உங்க நெஞ்சுக்கூட்டுக்கு ஓய்வு."

வண்டிக்குள்ளிருந்து பித்தான் வியாபாரி தலையை நீட்டினான். "எட்டா ஊதுய்யா! எனக்கு ஒரு ஆள் சாப்பாடு எந்த மூலைக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். லிபோரியோ சிரிக்கவில்லை.

அவன் ஏழு ஊதினால் அங்கே எட்டுத் தட்டு இருக்கும். மூன்று வருடமாக அப்படித்தான். மேசையின் கோடியில், வாசலைப் பார்த்த இடத்தில், மகனுக்கு ஒன்று. அதற்கு அவள் காசு கேட்பதில்லை. யாரும் தொடுவதுமில்லை. இறைச்சி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்துபோகும். அதைப் பார்த்துக்கொண்டே லிபோரியோ தன் சோளத்தை மென்று விழுங்கவேண்டும்.

ஏழு முறை ஊதினான்.

சாவடிக்குள் நுழைந்ததும் கண் தானாக மேசைக்குப் போனது. எண்ணினான். ஏழு தட்டு. மறுபடி எண்ணினான். ஏழுதான்.

மகனுக்கு வைக்கவில்லை. கடைசியில் மனசு தேறிவிட்டாள்.

பையை அவிழ்த்துக் காசை நீட்டினான்.

தோமாசா கையை நீட்டினாள்.

மூன்று வருடத்தில் முதல் தடவை. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தள்ளி எண்ணினாள். பத்தொன்பது. பிறகு தலையை அசைத்தாள். லிபோரியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பு லேசாக இருந்தது, யாரோ வேறொருவனுடைய இடுப்பைப்போல.

பயணிகள் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். குதிரைக்காரர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள்.

மிச்சம் ஒரு தட்டு. அது கோடியில் இருந்தது. வாசலைப் பார்த்தபடி. கரண்டிகூட வைத்திருந்தது.

மேசையின் அடுப்போரத்தில், லிபோரியோ எப்போதும் உட்காருகிற இடத்தில் தட்டு இல்லை.

அங்கே ஒரு துண்டுத் தோல் வடம் சுருட்டி வைத்திருந்தது. நனைந்து ஊறிப்போன வடம். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மேசை விளிம்பில் வழிந்து, மண் தரையில் குழி பறித்துக்கொண்டிருந்தது.

தாங்காமல் போன வடத்தின் நுனி குதிரை வால்போலப் பிரிந்திருக்கும். இதன் நுனி பிரியவில்லை. பாலாடைக்கட்டியை வெட்டினதுபோல, ஒரே வீச்சில், சுத்தமாக இருந்தது.

லிபோரியோவின் வலது கை இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்துத் திரும்பிவந்தது.

தோமாசா அவனைக் கடந்து போனாள். கோடித் தட்டுக்குப் பக்கத்தில் பத்தொன்பது ரியாலையும் அடுக்கி வைத்தாள். காலி நாற்காலியின் முதுகைக் கையால் தடவினாள்.

"இந்தாப்பா. எண்ணிட்டேன், சரியா இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு."