பிரிக்காத இஞ்சின்

காலை வெயில் பட்டறையின் கூரை இடுக்கு வழியாக இறங்கி, உறுமிக்கொண்டிருக்கும் பிக்கப் வண்டியின் இஞ்சின் மேல் விழுகிறது. நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. நேற்றிலிருந்து முன்பக்கம் ஒரு கிறீச் சத்தம். இஞ்சினில் கோளாறென்றால் பிரித்துச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். பின்னால் ஏற்றியிருக்கும் மரக்கன்றுகள் அதுவரை தாங்காது. வண்டிக்காரியான நாற்றுப்பண்ணைப் பெண் கைகளைப் பிசைந்தபடி நிற்கிறாள். மெக்கானிக் நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடுகிறார். வெகுநேரம் அசையவில்லை. "பெல்ட்டுதாம்மா தேஞ்சிருக்கு. பத்து நிமிஷத்துல மாத்திடலாம்." "அப்போ இஞ்சினு?" "அது கல்லு மாதிரி இருக்கு. இதுவரைக்கும் யாராவது பிரிச்சிருக்காங்களா?" "இல்லண்ணே. ஆயில் மட்டும் கெடு தவறாம மாத்துவேன். இன்னும் லிட்டருக்குப் பதினாலு குடுக்குது." "எல்லா வண்டியும் இப்படி இருந்தா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்." அவள் மூச்சு விட்டுச் சிரித்து, வண்டியை அணைக்கக் கை நீட்டுகிறாள். "ஓடட்டும்மா, கொஞ்ச நேரம்." "டீசல் வீணாப் போகுமே?" "இதுவா? டீசலை மோந்து பாத்தே ஓடுற வண்டி." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே அவர் பட்டறை ஆட்களைக் கூப்பிடுகிறார்: "சுத்தியலைக் கீழ வச்சுட்டு வாங்கப்பா. நாலு லட்சம் ஓடியும் பிரிக்காத இஞ்சின், சத்தத்தை வந்து கேளுங்க." அவள் ஓரமாக நகர்ந்து அவர்களுக்கு இடம் விடுகிறாள்.