பின்வரிசையில் ஆறு பேர்

கணக்குப்படி எல்லோரும் படத்துக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பின்வரிசையில் ஆறு பேர். ஆளுக்கு ஒன்றரை அடி என்றால் ஒன்பது அடி. ஹாலில் கேமராவுக்கும் ஆட்களுக்கும் நடுவே கிடைத்த தூரம் எட்டடி. எட்டடியிலிருந்து அந்தப் பழைய கேமரா பத்தடி அகலம் பார்க்கும். ஓரடி மிச்சமே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒத்திகைக்கு எடுத்த மூன்று படங்களிலும் வலது ஓரத்தில் அக்காவுக்குப் பாதி முகம்தான். இடது ஓரத்தில் அண்ணிக்கு ஒரு தோளைக் காணோம்.

கணக்குப் போட்டவர் சமையலறை அலமாரி செய்பவர். சுவரை அளந்தால் நூல் பிசகாது. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘மில்லிமீட்டர்’. அப்பேர்ப்பட்டவருக்கே சொந்த வீட்டு ஹால் தண்ணி காட்டியது.

நாளை மாலை அக்காவும் அவள் கணவரும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறார்கள். எப்போது திரும்புவது என்று அவர்களுக்கே தெரியாது. போகிறவள் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மா, அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் எல்லோரும் தன்னோடு இருக்கிற மாதிரி ஒரு படம். அதில் அவளுக்கே பாதி முகம் என்றால் எதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவாள்?

குறை கேமராவில்தான் என்று முடிவுகட்டி, கடை திறந்ததும் வந்து நின்றுவிட்டார் மில்லிமீட்டர்.

கடைக்கார அம்மாள் பொறுமைசாலி. மூன்று கேமராக்களை மேசையில் பரப்பினார். முதலாவது விலை குறைவு, மூன்றாவது கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு, வீட்டுக்கு நடுவில் இருப்பதே சரி என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பேச விடவில்லை மில்லிமீட்டர்.

லென்ஸ் உள்ளே விழவைக்கும் வெளிச்சம் ஒரு வட்டம். அதை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். சின்ன சென்சார் அந்த வட்டத்தின் நடுவை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். பெரிய சென்சார் ஓரம் வரை வாங்கும். ஆகவே அதே ஹால், அதே தூரம், ஆனால் அகலம் கூடும். இதையெல்லாம் ஒரு வாரமாகப் படித்துத் தெரிந்துகொண்டு கடைக்காரருக்கே விளக்கிச் சொன்னார்.

சென்சார் அப்படியே இருக்கட்டும், இன்னும் அகலமான லென்ஸ் மட்டும் போட்டால் என்ன என்று அந்த அம்மாள் கேட்டார்.

அதையும் யோசித்தாயிற்று. ரொம்ப அகலமான லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். நடுவில் நிற்பவர்கள் ஒழுங்காக இருப்பார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிவார்கள். ஓரத்தில் நிற்பது அண்ணி. அதற்கு வேறு பஞ்சாயத்து வரும்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, ஒத்திகைப் படத்தைக் கொஞ்சம் காட்டச் சொன்னார்.

மில்லிமீட்டர் போனை நீட்டினார். அக்கா அன்றைக்கே குடும்பக் குழுவில் போட்டிருந்த படம்தான். அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

முன்வரிசையில் நாற்காலியில் அம்மா, இரண்டு பக்கமும் பிள்ளைகள். கடைக்கார அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு, அம்மாவின் தலைக்கு நேர் பின்னால் விரலை வைத்தார்.

“இங்க யார் நிக்கணும்? அவங்க இன்னும் வரலையா?”

அந்த இடத்தில் சுவர் தெரிந்தது. சுவரில் ஸ்விட்ச் போர்டு முழுசாகத் தெரிந்தது. தாராளமாக மூன்றடி இருக்கும்.

யாரும் வரவேண்டியதில்லை என்றார் மில்லிமீட்டர். கதவு இரண்டரை அடி, ஃபிரிட்ஜ் இரண்டேகால் என்று பார்த்தவுடன் சொல்லும் கண் அவருடையது. ஒரு வாரமாக இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர். ஓரங்களைத்தான் பார்த்திருக்கிறார்.

அந்த அம்மாள் விரலை எடுக்கவில்லை. இடைவெளியின் வலது பக்கம் நின்றவர் மில்லிமீட்டர். விரல் மெதுவாக இடது பக்கம் நகர்ந்து, அங்கே நின்றவரின் முகத்தைத் தொட்டது.

“இவர் நேத்து சாயங்காலம் வந்தாரே. இதே படம், இதே கேள்வி. அவரும் அகலமாப் பிடிக்கிற கேமராதான் கேட்டார்.”

அது மில்லிமீட்டரின் அண்ணன்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. தண்ணீர் வரவில்லை என்றாலும், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும், சேதி அக்கா வழியாகத்தான் ஏறி இறங்கியது. இரண்டு தெரு தள்ளி இருந்தவள் ஒருத்தியாகவே அந்த மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை முதல் அவளும் கிடையாது.

கடைசியில் அண்ணன் எதை வாங்கினார் என்று மட்டும் மில்லிமீட்டர் கேட்டார்.

“எதுவும் வாங்கல. எல்லாரும் இடம் விடாம நின்னாலே போதும், புதுசு எதுக்குன்னு சொன்னேன். தம்பிகிட்ட கேட்டுட்டு வர்றேன்னு போனார்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டாரா?”

நடுவில் இருந்த கேமராவை மில்லிமீட்டர் கையில் எடுத்தார். கனம் பார்த்தார். திரும்ப வைத்தார்.

கடைக்கு வெளியே வந்து, நடைபாதையில் நின்று, போனில் அந்த எண்ணைத் தேடினார். அழிக்கவில்லை, அழித்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“நான் உன் பக்கத்துல ஒட்டி நிக்கிறேன்ணா. பழைய கேமராவே போதும்.”