உள்தாழ்ப்பாள்

என் பிள்ளை என் ஓரகத்தியின் இடுப்பில் உட்கார்ந்து, அவள் ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டிருந்தான். என்னிடம் ஒரு வாய் வாங்க வீட்டையே சுற்றவைப்பவன்!

"பாருங்கக்கா, என்கிட்ட அடமே பிடிக்கமாட்டேங்கிறான்" என்றாள், என் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். வயிறு பற்றி எரிந்தது.

சாயங்காலம் அவளை "அம்மா" என்றே கூப்பிட்டுவிட்டான். ஜன்னலோரம் வந்த என் கணவர் சிரித்தார்.

"சின்னப் பிள்ளைதானே? இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ?"

"உங்களுக்கென்ன? வேற யாரையாவது அப்பான்னு கூப்பிட்டாத்தானே தெரியும்!"

மறுநாள் அவள் அடுப்படிக்குப் போன நேரம், என் அறைக்கதவைச் சின்னக் கைகள் தட்டின.

"அம்மா... தூக்கு!"

துள்ளி எழுந்தேன். தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்தது. அதைத் தொட்ட கையை, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டேன்.

அளவுக்கு மீறிச் சுரந்து என்னை எலும்பும் தோலுமாக்கிய தைராய்டை அடக்க, முந்தாநாள்தான் கதிரியக்க அயோடின் மாத்திரை விழுங்கியிருந்தேன். அது என் கழுத்துக்குள் இருந்து இன்னும் கதிர் வீசிக்கொண்டிருந்தது. குழந்தையைக் கொஞ்ச நாளைக்குக் கிட்டவே விடக்கூடாது என்றிருந்தார் டாக்டர்.

"அடியே, ஓடி வாடி! இவனைத் தூக்கிட்டுப் போ!"

ஓடிவந்தாள். "கதவை விடமாட்டேங்கிறான்க்கா. அம்மாதான் வேணுமாம்."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அம்மா இங்க இருக்கேன், வாடான்னு கூப்பிடுடி!"