மாடி ரூம் காலி

"குழாயைத் திறந்து பாருங்கய்யா, வெந்நீர் உடனே வரும்" என்றார் குரூப் அண்ணன்.

பெரியவர் திறந்தார். வெந்நீர் வந்தது, ஆற அமரத்தான் வந்தது. அண்ணன் அதைக் கண்டுகொள்ளாமல் மாடிப்படி ஏறினார்.

கடல் கடந்து வந்த நம்மவர்கள் எண்ணூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். அவர் தலையாட்டாமல் அந்த ஊரில் நம்மவர் யாருக்கும் ஓர் அறை கிடைக்காது. வெளியே வீடு கேட்டால் ஆறு மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டா என்பார்கள். அண்ணன் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?"

இன்று அதைக்கூடக் கேட்கவில்லை. அவருடைய மாடியறை மூன்று மாதமாகக் காலி. இந்த மாதமும் ஆள் வராவிட்டால் வீட்டுக்காரம்மா தன் தம்பியைக் கூட்டிவந்து குடிவைத்துவிடுவாள். மைத்துனனிடம் வாடகை கேட்க முடியுமா? அதனால் காலையில் போன் செய்து, "விளம்பரம் பாத்தேன் தம்பி, பையன் விஷயமா அந்த ரூமைப் பாக்கணும்" என்ற பெரியவரை உடனே வரச் சொல்லிவிட்டார். மகனுக்கு அறை பார்க்க அப்பாவே வருகிறார் என்றால் நல்ல குடும்பமாகத்தான் இருக்கும் என்பது அண்ணனின் கணக்கு.

"உங்களுக்கு என்ன வேலைங்கய்யா?"

"மர வேலை. கதவு, ஜன்னல்."

மாடியறைக் கதவு அடியில் பிடிக்கும். புதிதாக வருகிறவர்கள் தோளால் மோதிப் பார்த்துவிட்டு அசடு வழிவது வழக்கம். "கொஞ்சம் இருங்க" என்று அண்ணன் முன்னால் வருவதற்குள், பெரியவர் கைப்பிடியைச் சற்றே மேலே தூக்கி முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். கதவு திறந்துகொண்டது.

"தொழில் தெரிஞ்ச கைன்னா சும்மாவா" என்றார் அண்ணன்.

பெரியவர் உள்ளே நுழைந்தார். ஒரு கட்டில், ஒரு மேஜை, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிகளைப் பார்த்த ஜன்னல். சுவரில் ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் திருகியை மூடி ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. பெரியவர் அந்தப் பூட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குச் சாவி?"

"நம்மகிட்டதான் இருக்கு. பசங்க பொறுப்பில்லாம ராத்திரி பூரா ஓட விட்டுடறாங்க. ரெண்டு போர்வை தர்றோம், போதும். குளியல் பத்து நிமிஷம். வறுக்கறது பொரிக்கறது கூடாது, வேலையில்லாம வீட்ல இருக்கறதும் கூடாது. மத்தபடி சொந்த வீடு மாதிரி."

பெரியவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மெத்தையை உள்ளங்கையால் தடவினார், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும்.

"இதுக்கு முன்னால இங்க இருந்த பையன்?"

"தங்கமான பையன். பாவம், வேலை போயிடுச்சு. ஊருக்கே போயிட்டான்."

"வேலை போனதும் நீங்க போகச் சொல்லிட்டீங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க. நம்ம ஆளை நாமளே நடுத்தெருவுல விடுவோமா? அடுத்த வேலை கிடைக்கற வரைக்கும் இருடான்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல. கடைசியில நானே கார்ல கொண்டுபோய் ஏர்போர்ட்ல விட்டேன். உள்ள போறப்ப அவன் கண்ணுல தண்ணி. எனக்கும்தான்."

கீழே சமையலறையில் வீட்டுக்காரம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. அண்ணன் மறைத்தது ஒரு முழு ஆளை. வேலை போனது தெரிந்த அன்று சாயங்காலமே பையனின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டே இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அவன் இருமலுக்கு நடுவே கெஞ்சினான். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் எந்தப் பக்கம் நடந்தான் என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் குரூப்பில் போட்டார்: "மாடி ரூம் காலி. இருந்தவர் ஊருக்குப் போய்விட்டார்." போனை எடுக்கமாட்டேன் என்கிறானே என்று தேடிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்களும் அதைப் படித்தார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று கோபித்துக்கொண்டு, தேடுவதை விட்டுவிட்டார்கள்.

செய்தது படுபாவித்தனம். ஆனால் மூன்று மாதமாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, ஏர்போர்ட்டில் கையாட்டியதுகூட இப்போது அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது.

"உள்ள போனதை நீங்க பாத்தீங்களா, தம்பி?" என்று பெரியவர் மறுபடி கேட்டார்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஏங்கய்யா, உங்க பையனையும் அப்படித்தான் பாத்துப்பேன், கவலைப்படாதீங்க." அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார். "ரூம் பிடிச்சிருக்குல்ல? பையன் எப்ப வர்றான்?"

பெரியவர் மெத்தையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அதைக் கேக்கத்தான் வந்தேன், தம்பி. அவன் இன்னும் வீடு வந்து சேரல."