கொட்டகைக்குள் கேட்ட குரல்

படையலில் சோறு இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சீனி போடாத கோப்பியும்தான்.

உடலும் இல்லை. அம்பிகைபாகன் சயாம் காட்டில், ரயில் பாதை போடும் இடத்தில், வயிற்றுப்போக்கு கண்டு செத்துப்போனார் என்று அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்ன சேதி மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமில், அவருடைய அக்கா கனகேஸ்வரியின் வீட்டில், தெரிந்தவர்கள் கூடியிருந்தார்கள். ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து மூன்றாவது வருடம் அது.

தேவாரம் பாடி முடிந்ததும் ஆளாளுக்கு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். ஆனால் அங்கிருந்த ஒருவர்கூட அவரைக் கிராணியாக நினைவு வைத்திருக்கவில்லை.

தண்ணீர்மலைக் கோயில் திருவிழா நாடகத்தில் காட்டுக் காட்சி வந்தால், திரைக்குப் பின்னால் நின்று அந்தக் காட்டையே அவர்தான் வாயால் செய்வார். கிளி, குரங்கு, புலி, தூரத்தில் ஒரு யானை. ராஜா வேடம் கட்டியவர்களின் பெயரெல்லாம் மறந்துவிட்டது. யானை பிளிறியதும் முன்வரிசைப் பிள்ளைகள் தாய்மாரின் மடிக்குள் புகுந்துகொண்டது மறக்கவில்லை.

ஊர் அவரைப் பாகன் என்றே கூப்பிட்டது.

ஆர்மோனியம் வாசிக்கும் தம்பு ஒரு கதை சொன்னார். நாடகம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே ஒரு தெருநாய் லோரியில் அடிபட்டதாம். அன்று ஒரு சேவகன் வேடமும் கட்டியிருந்த பாகன் ஒட்டுமீசையும் ஜிகினா உடையுமாக அதைத் தூக்கிக்கொண்டு டத்தோ கிராமாட் ரோட்டில் மிருக வைத்தியரைத் தேடி ஓடினாராம். புலி உறும வேண்டிய இடத்தில் தம்பு ஆர்மோனியத்தை அழுத்திச் சமாளித்தாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். கனகேஸ்வரி சிரிக்கவில்லை.

பாகனிடம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி இருந்தது. தாய் செத்த குட்டி. கிழங்குக் கஞ்சியில் துணியை நனைத்து ஊட்டி வளர்த்தார். கனகேஸ்வரியின் பிள்ளைகள் காய்ச்சலில் எலும்பாகிப் போனபோது, அதை அறுத்து ரசம் வைக்கலாம் என்று அவள் கேட்டாள். தம்பி தன் பங்குக் கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டியைக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு பகலில், சயாமுக்கு ஆள் பிடிக்கிற லோரி அவர் தனியாகக் குடியிருந்த சந்துக்குள் வந்தது. சிப்பாய்கள் வீடு வீடாகத் தேடினார்கள். பாகன் வீட்டுப் பின்னால், கொட்டகைக்குள், குட்டி கத்தியது. "கம்பிங்" என்று சிரித்தான் ஒரு சிப்பாய். ஆட்டுக்கு மலாய்ச் சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது. பின்பக்கம் போனார்கள். திரும்பும்போது பாகனை இழுத்துவந்து லோரியில் ஏற்றினார்கள்.

சந்துக்காரர்கள் கண்டது அவ்வளவுதான்.

"ஒரு ஆட்டைக் குடுக்க மனமில்லாமல் தன்னைக் குடுத்தவன் என்ர தம்பி" என்றாள் கனகேஸ்வரி. "நீங்கள் புகழுங்கோ. என்னால ஏலாது."

கதவோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்திலிருந்து வருவதாகவும், பெயர் நவமணி என்றும் காலையில் சொல்லியிருந்தாள். நாடகம் பார்த்தவள் போலும் என்று நினைத்து யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

"அன்னைக்கு அங்க ஆடு இல்லக்கா" என்றாள் அவள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

குட்டியைப் பாகன் முந்தின வாரமே தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில், சல்மா என்ற மலாய்க்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டார். கொட்டகைக்குள் இருந்தது நவமணியும், அவள் புருஷன் ஜெயராஜும், சயாமுக்குப் பயந்து ஒளிந்திருந்த இன்னும் இரண்டு வாலிபர்களும். அவர்களோடு பாகனும் இந்தப் பிள்ளையும்.

லோரிச் சத்தத்தில் பிள்ளை விழித்து வீரிட்டது. மார்பில் அணைத்தும் அடங்கவில்லை. வாயைப் பொத்து என்று ஒருவன் பல்லைக் கடித்தான். நவமணி பொத்தினாள். பிள்ளையின் முகம் கறுத்தது.

பாகன் அவள் கையை எடுத்துவிட்டார்.

பிள்ளையின் முகத்தருகே குனிந்து, அது எந்தச் சுருதியில் அழுததோ அதே சுருதியில் குட்டியாகக் கத்தினார். அழுகை ஏற ஏற அவரும் ஏறினார். எது பிள்ளை, எது ஆடு என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

ஆனால் சிப்பாய்களுக்கு ஆட்டுக்கறி மேல் ஆசை வந்துவிட்டது. கதவை உதைத்தார்கள்.

பாகன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அப்புறம் நடந்ததை நவமணி காதால்தான் கேட்டாள். முதலில் குட்டி கத்தியது. பிறகு புலி. பிறகு யானை. அதற்குள் பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியிருந்தது. வெளியே சிப்பாய்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இந்த ஆள்தான் ஆடு என்று நம்பிவிட்டார்கள். உள்ளே எட்டிப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே அவரைக் கூட்டிப்போனார்கள்.

அன்று மாலையே அவர்கள் சம்பான் படகில் அக்கரைக்குப் போய்விட்டார்கள். ஜெயராஜ் இன்னும் வெளியே தலைகாட்டுவதில்லை. அதனால்தான் அவள் மட்டும் வந்திருக்கிறாள்.

அப்போது பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. நவமணி பதறி, அதை அடக்கப் பார்த்தாள். தெருப்பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

கனகேஸ்வரி எழுந்து வந்து, குனிந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"விடு, அழட்டும்" என்றாள்.