ஒருத்தி தாங்கினால் போதும்

டாக்டர் இரண்டு விரலால்தான் பிடித்தார். அழுத்திக்கூட இழுக்கவில்லை.

விரலை எடுத்தபோது முடி கொத்தாகக் கூடவே வந்தது.

அதை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து விளக்கடியில் பார்த்தார். அவளும் பார்த்தாள். தன்னுடையது என்றே தோன்றவில்லை.

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமாங்க டாக்டர்," என்றான் கணவன், அவளுக்கு முன்பே. "தண்ணியாத்தான் இருக்கோணும். எங்க லைன் வீட்டுக்குப் புதுசா போர் போட்டாங்க."

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். காலையில் குழாயில் பிடித்தது.

டாக்டர் அதைத் தொடவில்லை. "லைன்ல மத்தவங்களுக்கும் கொட்டுதா?"

அவன் யோசித்தான்.

"இல்லைங்க."

இந்த ஒரு மாதத்தில் அவன் சோப்பை மாற்றியிருந்தான். எண்ணெயை மாற்றியிருந்தான். பட்டறையில் யாரோ சொன்னார்கள் என்று சின்ன வெங்காயத்தை அரைத்து, கண்ணீர் வழிய வழிய அவனே தேய்த்துவிட்டான். தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போனான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தபோது அவன் முகம் வாடிவிட்டது. நோய் என்றால் மாத்திரை இருக்குமே.

அவள் பாடு வேறு.

அவன் எழுவதற்குள் தலையணையைத் தட்டிவிட வேண்டும். தட்டியும் தெரிகிறது என்று கறுப்பு உறை வாங்கிப் போட்டாள். குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடப்பதைச் செய்தித்தாளில் பொதிந்து குப்பைக்கு அடியில் வைத்தாள். வகிடை வலப்பக்கம் மாற்றினாள். இரண்டு சுற்றுக்குச் சரியாக இருந்த ரப்பர் பேண்டு இப்போது நான்கு சுற்றியும் நழுவுகிறது.

போன வாரம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து வந்தாள். திருத்திய நோட்டிலிருந்து ஒரு நீள முடியை எடுத்து நீட்டினாள்.

"மிஸ், உங்களுது."

தொலைந்த பொருளைக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள்.

அவள் வாங்கிக்கொண்டாள். தேங்க்ஸ் என்றாள்.

டாக்டர் தாளை மடித்தார். "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி ஏதாச்சும் நடந்துச்சா? பெரிய காய்ச்சல், ஆபரேஷன், வீட்ல சாவு... அந்த மாதிரி?"



அதையும் இதையும் அவள் சேர்த்து நினைத்ததே இல்லை.

"இல்லைங்க டாக்டர்," என்றாள். "ஒண்ணுமில்ல."

மின்விசிறி ஓடியது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"இருக்குங்க," என்றான் கணவன்.

பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மே மாசம். கரு கலைஞ்சிருச்சுங்க. இது மூணாவது."

அவள் அவனிடம் அதைச் சொன்னதே இல்லை.

முதல் இரண்டும் அவனுக்குத் தெரியும். இரண்டாவதன்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டு அழுததை அவள் கட்டிலில் படுத்தபடியே பார்த்தாள். அதனால் மூன்றாவதை மூடி வைத்தாள். ஸ்கேனில் துடிப்பு தெரியட்டும், பிறகு சொல்லலாம்.

அதுவரை தங்கவில்லை.

பள்ளி விடுமுறை. அவன் வேலைக்குப் போகும் வரை குளியலறையில் இருந்தாள். பிறகு தனியாகவே டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் தோசை வார்த்தாள். ஒருத்தி தாங்கினால் போதும் என்று நினைத்தாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உடம்பு சிலதை உடனே காட்டாதும்மா. கொஞ்ச நாள் கழிச்சு முடியில காட்டும். பெரும்பாலும் அதான் காரணம். பயப்படாதீங்க, வளந்துரும்."

இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.

வெளியே வெயில். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். அவன் வண்டியில் உட்கார்ந்தான். சாவியைப் போடவில்லை. அவள் ஏறவில்லை.

"எப்படித் தெரியும்?"

"குப்பையக் கொட்டப் போனப்ப பாத்தேன். அந்தக் குச்சி. ரெண்டு கோடு."

"கேட்டிருக்கலாமுல்ல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன், வாணி."

ஒரு ஆம்புலன்ஸ் சைரனோடு உள்ளே திரும்பியது. சத்தம் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"அன்னைக்கு ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கதவு வரைக்கும் வந்தேன்."

கைப்பிடியை இறுக்கினான்.

"தட்டல."

அவள் கழுத்தோரம் ஒட்டிய முடியை எடுத்தாள். கீழே போடாமல் கைக்குள் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக அவன் அலைந்ததெல்லாம் அவளுக்கு இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. வெங்காயம். எண்ணெய். அதிகாலையில் குழாயடியில் குனிந்து பாட்டில் பிடித்தது.

"என்மேல கோவமா?" என்று கேட்டாள்.

"கோவமில்ல." அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு வாரம், பத்து நாள்... நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். அதைக்கூட உங்கிட்டச் சொல்ல முடியல."

அவள் அந்த நாட்களை நினைத்துப் பார்த்தாள்.

படி இறங்கப் பயந்தாள். தும்மப் பயந்தாள். ஒவ்வொரு முறையும் துணியில் கறை இருக்கிறதா என்று பார்த்தாள். யாரிடமும் சொல்லாததால் யாரும் அவளுக்கு ஒரு வாய் இனிப்புகூடக் கொடுக்கவில்லை.

சந்தோஷமாக அவள் ஒரு நாள்கூட இருக்கவில்லை.

வண்டிக்கு இந்தப் பக்கம் வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி, அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள். "சொல்லுங்க. முதல் நாள்ல இருந்து சொல்லுங்க."