கடைசி அடுக்கு

கார்பன் நூல்கள் தறியில் அடுக்கடுக்காகப் படுத்திருந்தன. மேலிருந்து கீழ்வரை குத்தி இறங்கி, எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறுவது கட்டு நூலின் வேலை. மேலடுக்கு அதனிடம் குழைந்து பேசியது.

"நீ அடிவரைக்கும் போய் இழுக்கிறப்ப எனக்குப் பள்ளம் விழுது தம்பி. பார்க்கிறவங்க கண்ணு என் மேலதான் படும். ஒரே ஒரு இடத்துல, கடைசி அடுக்குக்கு முன்னாடியே திரும்பிடேன்."

"அடியில இருக்கிறவர் கேட்டா?"

"அவரை யாரு பார்க்கப் போறா?"

கட்டு நூல் ஓரிடத்தில் பாதியிலேயே திரும்பியது. "இங்க வரலையே" என்று கடைசி அடுக்கு கூப்பிட்டது. கட்டு நூல் காதில் விழாத மாதிரி ஏறிப் போய்விட்டது.

பிறகு பிசின் ஊற்றிச் சூட்டில் வைத்தார்கள். எல்லாம் ஒரே பலகையாக இறுகின. இனி நினைத்தாலும் அசைய முடியாது.

பலம் பார்க்கப் பலகைமேல் ஓர் இரும்புக் குண்டைப் போட்டார்கள். பரிசோதிக்க வந்த பெண் ஒரு நாணயத்தால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டண். டண். கட்டு நூல் பாதியில் திரும்பிய இடத்தைச் சத்தம் நெருங்கியது. டண். டண்.

தொப்.

அவள் கை நின்றது. அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினாள். தொப்.

"உள்ள பிரிஞ்சிருக்கு" என்று மேலடுக்கின் பளபளப்பின்மீது சிவப்பு மையால் வட்டம் போட்டாள்.

மேலடுக்கு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னது. "அடியில கிடக்கிறவருக்கு நம்மகூடச் சேர்ந்து இருக்கவே தெரியாது. என்ன தம்பி?"

"ஆமாண்ணே" என்றது கட்டு நூல்.